நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் பகல்

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியின் வாட்ஸப் குழுவில் ஒரு கேள்வி வந்து விழுந்தது. கேட்டவள் வடக்கே எங்கிருந்தோ வந்து புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். "சீனியர்கள் எல்லோரும் நல்ல இரும்பைப் பார்த்தால் 'ராத்திரி' என்கிறார்கள். விரிசல் விட்ட இரும்பைப் பார்த்தால் 'பாகல்' என்கிறார்கள். இந்தியில் அதற்குப் பைத்தியம் என்று அர்த்தம். இரும்புக்கும் பைத்தியம் பிடிக்குமா?" என்று கேட்டிருந்தாள்.

நான் சிரித்த சிரிப்பில் அடுக்களையிலிருந்து வீட்டுக்காரர் தண்ணீர் சொம்போடு ஓடி வந்தார். குழுவில் யாரோ "அலமேலு மேடத்தைக் கேள், அந்த வார்த்தையைப் பெற்றவரே அவர்தான்" என்று என்னை மாட்டிவிட்டார்கள். பெற்றது உண்மை. ஆசைப்பட்டுப் பெற்றதில்லை, வாய் தவறிப் பிறந்த பிள்ளை அது. ரிடையராகி ஒரு வருஷமாகிறது, இனி யாருக்குப் பயம், சொல்லிவிடுகிறேன்.

நான் நகரியில் பவர்லூம் வீட்டுப் பெண். பாலிடெக்னிக் படித்தேன், சென்னையில் ஆறு மாதம் ஒரு பயிற்சிக்குப் போனேன், திருப்பதியில் ஒரு சின்ன சோதனைக் கம்பெனியில் சேர்ந்தேன். இவ்வளவுதான் என் இளமைக்காலம். வேலை என்னவென்றால், காதுக்குக் கேட்காத ஒலியை இரும்புக்குள் அனுப்பி, அது எங்கே முட்டித் திரும்புகிறது என்று பார்ப்பது. சந்தையில் பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்த்து வாங்குவார்களே, அதுதான். நாங்கள் தட்டுவது மட்டும் யாருக்கும் கேட்காது. எங்கள் நைனாவுக்கு இது கடைசி வரை விளங்கவில்லை. "தறி சத்தத்துல எனக்குப் பாதி காது பூட்ச்சி. நீ இன்னாடான்னா கேக்காத சத்தத்துக்கு சம்பளம் வாங்கிக்கினு வர்ற" என்பார்.

புரோப் என்று ஒன்று இருக்கும், கட்டைவிரல் பருமன். அதை இரும்பின் மேல் வைத்தால், ஒலி முட்டித் திரும்புகிற தூரத்தில் மெஷின் திரையில் கோடு எழும்பும். புரோபுக்கும் இரும்புக்கும் நடுவே காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. அதனால் ஈரப்பசையாக எதையாவது தடவ வேண்டும். கம்பெனி கொடுத்த கிளிசரின் வெயிலில் தண்ணீராய் ஓடியது. நான் எங்கள் வீட்டில் தறியின் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியைக் காய்ச்சி டப்பாவில் எடுத்துப் போனேன். கோடு கம்பீரமாக எழுந்து நின்றது. அரை மணியில் எறும்புகளும் வந்து நின்றன.

எங்கள் தலைவர் சலபதி சார் அந்த டப்பாவை முகர்ந்து பார்த்தார். "இதேமிட்டிம்மா, டிபனா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கோடு நிற்கிறதா என்று என்னிடம் கேட்டுவிட்டு, "ரிப்போர்ட்ல ஸ்டார்ச் பேஸ்ட்டுன்னு எழுது. கஞ்சின்னு எழுதினா பில்லு பாஸ் ஆகாது" என்று சொல்லிப் போய்விட்டார்.

சலபதி சாரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. தெலுங்குக்காரர், எங்களோடு பேசுவதற்காகவே ஒரு தமிழ் வைத்திருந்தார். சோதனைக்குப் போனால் திரையைப் பார்க்கவே மாட்டார். எதிர்ப்பக்கமாக ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சோதிக்கிற ஷாஃப்டின், அதாவது சுழல் தண்டின், படத்தை மடியில் விரித்துக்கொண்டு, பென்சிலைக் காதில் சொருகிக்கொள்வார். கோடு எங்கே எழுகிறதோ அந்தத் தூரத்தை நாங்கள் சொல்ல வேண்டும். அவர் படத்தில் புள்ளி வைப்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பேக்வால் தெரியிதா?"

பேக்வால் என்றால் பின்சுவர். அனுப்பிய ஒலி இரும்பின் மறுமுனை வரை போய் முட்டித் திரும்பினால் திரையின் கோடியில் ஒரு கோடு வரும். அது வந்தால்தான் ஒலி முழுதும் போய் வந்தது என்று அர்த்தம். "பின்சுவர் பாக்காம நடுவுல இருக்கிறதைப் பத்திப் பேசக்கூடாது" என்று தினம் ஒரு தடவையாவது சொல்வார். பஸ் லேட்டானால்கூட இதைத்தான் சொல்வார். அதற்கும் பின்சுவருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதில்லை.

இப்போது என் மானம் போன கதைக்கு வருகிறேன்.

சேர்ந்து இரண்டாவது வருஷம், ஒரு ஆலைக்கு என்னைத் தனியாக அனுப்பினார்கள். கரும்பு பிழியும் உருளைகளின் நடுவே ஓடுமே அந்தப் பெரிய ஷாஃப்ட், அதைச் சோதிக்க வேண்டும். முனையில் புரோபை வைத்தேன். படத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு கோடு, சும்மா தென்னை மரம் மாதிரி. அங்கேயே ஒரு குதி குதித்தேன். முதல் விரிசல், அதுவும் தனியாகப் பிடித்த விரிசல். ஆலை ஆபீஸ் போனுக்கு ஓடினேன்.

இங்கே ஒரு சின்ன இலக்கணம். தெலுங்கில் பகுலு என்றால் விரிசல். பகலு என்றால் நம் பகல்தான். நடுவே ஒரு எழுத்துதான் வித்தியாசம். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த என் நாக்கு, அவசரத்தில் தனக்குப் பழகின பக்கம் சாய்ந்துவிட்டது.

"சார், பகலு உந்தி சார்!" என்று கத்தினேன், பகல் இருக்கிறது என்று.

"பகலே கதம்மா" என்றார் அவர். "மணி பன்னெண்டு. அதுக்கு ஏன் எஸ்டிடி போட்ற?"

"அய்யோ சார், பெத்த பகலு சார்."

"ஆமாம்மா, மே மாசம் பெரிய பகலுதான்."

போன் அறையில் இருந்த கிளார்க் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். கடைசியில் ஆங்கிலத்தில் கத்திப் புரியவைத்தேன். சிரித்தார். சிரித்த சூட்டிலேயே, "சரி, ரிப்போர்ட் அனுப்பு, நான் கையெழுத்துப் போட்றேன்" என்றார். அனுப்பினேன், போட்டார்.

ஆலைக்காரர்கள் ஷாஃப்டைக் கழற்றி நான் சொன்ன இடத்தில் அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே விரிசலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என்றைக்கோ யாரோ லேத்தில் போட்டுச் சுற்றிலும் ஒரு பள்ளம் கடைந்திருக்கிறார்கள், படத்தில் அதைக் குறிக்கவில்லை. ஒலி அதில் முட்டித் திரும்பியிருக்கிறது. முனையைச் சுற்றி நாலு இடத்தில் வைத்துப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். கடைந்த பள்ளம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கோடு காட்டும், விரிசல் தான் இருக்கும் பக்கத்தில்தான் காட்டும். நான் குதித்த குதியில் ஒரே இடத்தில் வைத்துவிட்டு ஓடியிருந்தேன்.

ஆலைக்காரர்கள் அறுத்ததில் உள்ளங்கை அளவு ஒரு துண்டைப் பார்சல் கட்டி எங்களுக்கே அனுப்பினார்கள். வைரம் மாதிரி சுத்தமான இரும்பு. சலபதி சார் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதை எடுத்துத் தன் மேசையில் காகிதங்களின் மேல் வைத்தார். அவ்வளவுதான், அங்கேயே இருந்துவிட்டது. காலையில் கையெழுத்துப் போடப் போனால் அது என்னைப் பார்க்கும். தீபாவளிக்கு மேசையெல்லாம் துடைத்துப் போட்டாலும் அது போகாது. "சார், அதைக் காயலான் கடையில போட்றலாமே" என்று இரண்டு மூன்று தடவை கேட்டேன். "பேப்பர் பறக்கும்மா" என்பார். அந்த அறையில் மின்விசிறியே ஓடியதில்லை.

அது போதாதென்று, அன்றிலிருந்து நான் எங்கே போய்ச் சோதித்தாலும் போனில் அவர் கேட்கும் கேள்வி, "பகலா, ராத்திரியா?" விரிசல் இருந்தால் பகல், இல்லாவிட்டால் ராத்திரி. ஆலைக்காரர்கள் பக்கத்தில் நின்றாலும் விளங்காது என்பதால் கம்பெனி முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் சிரிப்பு, எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று தைக்கும். மனுஷன் மறக்க விடமாட்டேன் என்கிறாரே என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டுதான் பல வருஷம் வேலை செய்தேன்.

பிறகு வந்தது சித்தூர்ப் பக்கத்து ஆலை. வேறு ஆலை, அதே மாதிரி ஷாஃப்ட். அரவை மும்முரமாக நடக்கிற காலம். துப்புரவுக்காக மில்லை அரை நாள் நிறுத்துகிறோம், அதற்குள் பார்த்துவிடுங்கள் என்றார்கள். போனேன். கேட்டுக்கு வெளியே கரும்பு டிராக்டர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன.

எனக்கு உதவிக்கு விட்டவர் முனிசாமி அண்ணன். பாலசமுத்திரத்துக்காரர், அந்த உருளைக்குப் பக்கத்திலேயே நின்று எண்ணெய் விடுகிற ஃபிட்டர். நான் தமிழ் பேசியதும் அவருக்குச் சொந்தம் கிடைத்தது மாதிரி ஆகிவிட்டது.

"எங்க தாத்தன் காலத்துல இருந்து கூலிதான் தங்கச்சி. இப்பத்தான் நமக்குன்னு ஒரு ஏக்கரா. மொத கரும்பு. வரிசையில பதினேழாவது டிராக்டரு நம்மளுது, நேத்து வெட்டினது. நீ சட்டுனு பாத்து 'நல்லாகீது'ன்னு சொல்லிட்டேன்னா, சாயந்திரம் ஏறிப்பூடும்."

வெட்டின கரும்பு வெயிலில் நின்றால் காய்ந்து எடை குறையும். மில் நின்றால் அவருடைய முதல் விளைச்சல் அந்த ரோட்டிலேயே காயும். இது மனசில் உட்கார்ந்துகொள்ள, நான் முனையைத் துடைத்துக் கஞ்சி தடவிப் புரோபை வைத்தேன்.

பின்சுவர் தெரிந்தது. நடுவில் ஒரு கோடும் தெரிந்தது.

படத்தைப் பார்த்தேன். அந்தத் தூரத்தில் ஷாஃப்டின் பருமன் மாறுகிற இடம், ஒரு படி இருக்கிறது. படியிலிருந்து கோடு வருவது நியாயம்தான். ஆனால் விரிசல் பிடிக்கிற இடமும் சரியாக அந்தப் படியின் மூலைதான். படி என்று விட்டுவிட்டால் முனிசாமி அண்ணன் கரும்பு சாயந்திரம் மில்லில் ஏறிவிடும். விரிசல் என்று சொல்லி மறுபடி அது வெறும் இரும்பாக இருந்தால், சலபதி சார் மேசையில் இரண்டாவது துண்டுக்கும் இடம் இருக்கிறது.

முனையின் வட்டத்தைக் கடிகாரமாக வைத்துக்கொண்டு, மணி பன்னிரண்டிலிருந்து ஒவ்வொரு மணியாகப் புரோபை நகர்த்தினேன். மூன்று வரை கோடு குட்டையாக, ஒரே மாதிரி. நான்கில் எழும்பியது. ஐந்தில் தலைக்குமேல் போனது, பின்சுவர்க் கோடு அப்படியே படுத்துவிட்டது. ஏழுக்கு மேல் எல்லாம் பழையபடி. மறுமுனைக்கு ஓடிப்போய் அங்கிருந்தும் பார்த்தேன், அதே பக்கம், அதே இடம்.

ஆழத்தை அளக்க வேண்டுமானால் பேரிங் மூடியைக் கழற்றி, ஒலியைச் சாய்வாக அனுப்பும் வேறு புரோபை வைக்க வேண்டும். ஆலையின் சீஃப் இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் கொடுத்தார். முனிசாமி அண்ணன் மூடியைக் கழற்றினார். நான் டப்பாவைத் திறந்தால் கஞ்சி அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவையும் முனைகளில் தடவித் தீர்த்திருந்தேன்.

"அண்ணா, கொழகொழன்னு எதுனா இருக்கா?"

"கூழு கீது. நான் துன்ன வெச்சிகினது."

கேழ்வரகுக் கூழ். என் துப்பட்டாவில் கட்டி இல்லாமல் வடிகட்டித் தடவினோம். தன் கரும்பை ரோட்டில் காயவைக்கப் போகிற சோதனைக்குத் தன் மத்தியானச் சாப்பாட்டையும் கொடுத்துவிட்டு அந்த மனுஷன் எனக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். கோடு பாதியாகக் குறைகிற இடம் வரை புரோபை நகர்த்தி, அளவுகோலில் குறித்து, மூன்று தடவை கணக்குப் போட்டேன்.

செல்போனை எடுத்தேன். சீஃப் இன்ஜினியர் தோளோடு தோளாக வந்து நின்றார்.

"பகலா, ராத்திரியா?" என்றார் சலபதி சார்.

"பகல் சார்."

"எவ்ளோ பகல்?"

"நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் பகல் சார்."

சீஃப் இன்ஜினியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெயிலில் இந்த அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சலபதி சார் சிரிக்கவில்லை. "எதுவும் எழுதாதே. நான் வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இத்தனை வருஷத்துக்கப்புறமும் என் வாயை நம்பவில்லை இவர். திருப்பதியிலிருந்து பஸ் பிடித்து, மூன்று மணிக்குச் சட்டை முதுகில் ஒட்ட வந்து சேர்ந்தார். ஸ்டூலைப் போட்டார், பென்சிலைக் காதில் சொருகினார். "முதல்ல இருந்து" என்றார். மெஷினைச் சரிபார்ப்பதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். அவர் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் எழுந்து, அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தானே புரோபை வாங்கி, நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை நகர்த்தித் திரையைத் தன் கண்ணால் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார்.

சீஃப் இன்ஜினியர் கெஞ்சவும் செய்தார், கத்தவும் செய்தார். "இன்னும் மூணே வாரம் சார். சீசன் முடிஞ்சதும் மாத்திட்றோம். அதுவரைக்கும் தாங்காதா?"

"தாங்கலாம்" என்றார் சலபதி சார். "முனிசாமி நிக்கிற எடத்துல மூணு வாரம் நீங்க நில்லுங்க. தாங்கும்னே எழுதித் தர்றேன்."

சீஃப் இன்ஜினியர் முனிசாமி அண்ணனைப் பார்த்தார். முனிசாமி அண்ணன் தரையைப் பார்த்தார். மில் நின்றது.

வெளியே வந்தபோது முனிசாமி அண்ணன் என்னோடு பேசவில்லை. தங்கச்சி என்றும் கூப்பிடவில்லை. காலிக் கூழ்ப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பதினேழாவது டிராக்டரைப் பார்க்க நடந்தார். அவர் முதுகைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வேறு ஷாஃப்ட் மாட்டி மில் ஓட நாலு நாள் பிடித்தது. கழற்றியதை சீஃப் இன்ஜினியர் சும்மா விடவில்லை. எங்களை வரவழைத்து, எங்கள் கண் முன்னாலேயே அதை அறுத்து பிரஸ்ஸில் கொடுத்துப் பிளக்கச் சொன்னார். ஒன்றும் இல்லாவிட்டால் ஊர் முழுக்கச் சொல்வேன் என்றும் சொன்னார். நான் சலபதி சாரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பிரஸ் இறங்கியது. டப் என்று ஒரு சத்தம். உள்ளே ஒரு ஓரம் பிறை மாதிரி கறுத்துப்போய், பழைய துரு படிந்து கிடந்தது. மீதியெல்லாம் புத்தம்புதிதாகப் பளபளத்தது. கறுப்பு முழுக்கப் பழைய விரிசல். சீஃப் இன்ஜினியரே ஸ்கேலை வைத்து அளந்தார். நாற்பத்து நான்கு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பில்லை, நிறுத்த முடியாத சிரிப்பு. கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை. ஆலை ஆட்கள் எல்லாம் வந்து வேடிக்கை பார்க்கிறார்கள், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். சலபதி சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு மில்லிமீட்டர் எங்கம்மா போச்சு?" என்றார்.

அடுத்த மாதம் ஒரு மொட்டைத்தலை எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. யாரோ சாமி கும்பிட வந்து வழி தவறியவர் என்று நினைத்தேன். முனிசாமி அண்ணன்.

"என் பொண்டாட்டி வேண்டிக்கினா தங்கச்சி. நேந்துக்கினது அவ, மயிரு என்னுது" என்று தலையைத் தடவிக்கொண்டார். கரும்பை இழுத்துக்கொண்டுபோய் வெல்லம் காய்ச்சுகிற இடத்தில் கொடுத்திருக்கிறார். வந்தது குறைச்சல்தான் என்றார். ஆனால் பிரஸ்ஸில் பிளந்ததை அவரும் கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறார். அன்றைக்கு என் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்ததாம். மஞ்சள் பையிலிருந்து ஒரு வெல்லக் கட்டியை எடுத்து வைத்தார். "நம்ம மொத கரும்பு. துன்னு. எறும்புக்கு வெச்சிடாத."

அந்த வெல்லத்தை உடைக்கச் சுத்தியல் கிடைக்கவில்லை. சலபதி சார் மேசையிலிருந்த இரும்புத் துண்டை எடுக்கக் கை நீட்டினேன். "அதைத் தொடாதே" என்றார், அவ்வளவு கண்டிப்பாக. கதவிடுக்கில் வைத்துத்தான் உடைத்தோம். இவ்வளவுக்கப்புறமும் அந்தத் துண்டைக் கட்டிக்கொண்டு அழுகிறாரே என்று எனக்கு வெல்லமும் கசந்தது.

அவர் ரிடையரானபோது துண்டும் மேசையைவிட்டுப் போய்விட்டது. போன வருஷம் என் முறை. என் பிரிவு உபசாரத்துக்கு, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு சலபதி சார் வந்தார். தோளில் ஒரு துணிப்பை, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கியது. மாலையெல்லாம் போட்டு முடிந்ததும் பையிலிருந்து அதை எடுத்து என் கையில் வைத்தார். அதே துண்டு. சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது, கடைசி நாளிலும் விடவில்லை மனுஷன்.

"திருப்பிப் பாரும்மா."

அடிப்பக்கத்தில், ஷாஃப்டில் நம்பர் அடிக்கிற எழுத்து உளியால், ஆங்கில எழுத்தில் தெலுங்கு அடித்திருந்தது. எழுத்துக் கூட்டினேன். சூடகுண்டா என்றால் பார்க்காமல். அடுத்த வார்த்தையைப் படித்ததும் முகம் சுண்டிவிட்டது.

"பார்க்காமலே சந்தேகம். சரிதான் சார். என்னைத்தானே சொல்றீங்க?"

அவருக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து பேரன் முதுகைத் தட்டுகிற அளவுக்குச் சிரித்தார். "சந்தேகம் காதம்மா, சந்தகம். மறுபடியும் உன் தமிழ் நாக்கு. சந்தகம்னா கையெழுத்து. பாக்காம போட்ட கையெழுத்து. கீழே யாரோட இனிஷியல் இருக்கு பாரு."

பார்த்தேன். அவருடையதுதான்.

"நீ அப்போ வேலைக்கு வந்து ரெண்டாவது வருஷம். போன்ல சிரிச்சிக்கிட்டே கையெழுத்துப் போட்டது நான். வந்து பாத்திருக்கணும், வரல. அதான் சித்தூருக்கு வந்தேன். உன் மேல சந்தேகம்னு நெனச்சியா?"

பின்சுவரைப் பார்க்காமல் நடுவில் இருப்பதைப் பேசாதே என்று தினமும் சொன்னவரின் மேசையில், ஒரு கைப்பிடி இரும்பை நான் இத்தனை வருஷம் முன்பக்கமாகவே பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். சந்தகம் அவருடையது. பார்க்காமல் வைத்த சந்தேகம் முழுக்க என்னுடையது. நான் அழுதுகொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். கூடியிருந்தவர்கள் வேலையை விட்டுப் போகிற துக்கம் என்று நினைத்துத் தோளைத் தட்டினார்கள்.

அவர் என் பக்கமாகக் குனிந்து, "இப்பவாவது பேக்வால் தெரியிதா?" என்றார்.

"தெரியிது சார்" என்றேன். "பெத்த பகலு."